தெர்மாஸ்டாட் பிறந்த கதை

மலைப்பாதையில் ஏறும் ஒரு ஜீப் வண்டியை நினைத்துப் பாருங்கள். முதல் கியரில், ஆமை வேகத்தில், கல்லிலும் மேட்டிலும் குலுங்கிக் குலுங்கி அது ஏறுகிறது. எஞ்சின் தன் முழு வலிமையையும் காட்டி உழைக்கிறது. வண்டி மெதுவாகச் செல்வதால் முன்னாலிருந்து வரும் காற்றோ மிகக் குறைவு. உச்சியைத் தொட்டதும் அதே வண்டி மறுபக்கச் சரிவில் இறங்கத் தொடங்குகிறது. இப்போது எஞ்சினுக்கு அதிக வேலை இல்லை. குளிர்ந்த காற்று மட்டும் ரேடியேட்டரில் வந்து மோதுகிறது.

இவ்விரண்டு நிலைகளிலும் எஞ்சினைச் சுற்றியுள்ள நீரின் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. ஏறத்தாழ 85 அல்லது 90 டிகிரி செல்சியஸில் அது நிற்கிறது. ஓட்டுநர் இதற்காக எதையும் திருகவில்லை, எதையும் அழுத்தவில்லை. அப்படியானால் இந்த வேலையைச் செய்வது யார்?

எஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து ரேடியேட்டருக்கு நீர் செல்லும் வாயிலில், உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு சிறு கருவி உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் தெர்மாஸ்டாட் என்று பெயர். வெப்பநிலைக் காப்பான் என்று நாம் அதைத் தமிழில் அழைக்கலாம். அதற்கு மின்சாரம் தேவையில்லை. அதன் உள்ளே இருப்பது சிறிதளவு மெழுகு, அவ்வளவுதான்!

நம் ஊர்ப் பட்டறைகள் பலவற்றில் இக்கருவியைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் உண்டு. "இதெல்லாம் பனி பெய்கிற நாட்டுக்காரனுக்கு, நம் வெயிலுக்கு எதற்கு?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதாகவே தோன்றுகிறது. ஆனால் அது சரிதானா? விடை காண, இக்கருவி எப்படிப் பிறந்தது, எந்தத் தேவைக்காக எஞ்சினுக்குள் நுழைந்தது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

பொன் தேடியவரின் உலை

கதை எஞ்சினுக்கு வெகுகாலம் முன்பே தொடங்குகிறது. ஹாலந்து நாட்டின் ஆல்க்மார் நகரில் 1572-ஆம் ஆண்டு பிறந்தவர் கார்னெலிஸ் டிரெபெல். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் ஆதரவைப் பெற்று அந்நாட்டில் வாழ்ந்தவர். தேம்ஸ் ஆற்றில் நீர்மூழ்கிப் படகு ஒன்றை ஓட்டிக் காட்டிய அதே டிரெபெல்தான் இவர்.

அக்காலத்து இரசவாதிகள், தாழ்ந்த உலோகங்களை நீண்ட நாட்கள் ஒரே சூட்டில் வைத்திருந்தால் அவை பொன்னாகும் என்று நம்பினார்கள். சூட்டை ஒரே அளவில் வைத்திருப்பதுதான் பெரும்பாடு. இரவு முழுவதும் ஒருவர் விழித்திருந்து கரியைக் கூட்டியும் குறைத்தும் கொண்டிருக்க வேண்டும். அந்தக் காவல்காரரின் வேலையை டிரெபெல் ஒரு கண்ணாடிக் குழாயிடம் ஒப்படைத்தார்.

அவருடைய உலையின் உட்பெட்டியைச் சுற்றி நீர் இருந்தது. அந்த நீருக்குள் சாராயம் நிரம்பிய ஒரு குழாய். அதன் மறுமுனை ஆங்கில எழுத்து 'யு' போல் வளைந்து, அதில் பாதரசம் இருந்தது. சூடு மிகுந்தால் சாராயம் விரியும், பாதரசத்தைத் தள்ளும், பாதரசத்தின் மேல் மிதக்கும் ஒரு கம்பி உயரும், அக்கம்பி நெருப்புக்குக் காற்று செல்லும் வாயை மூடும். காற்றுக் குறைந்தால் நெருப்புத் தணியும். சூடு குறைந்தால் எல்லாம் எதிர்த் திசையில் நடந்து, காற்றுவாய் மீண்டும் திறக்கும்.

இதில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். சூட்டை அளக்கும் பொருளே சூட்டைக் கட்டுப்படுத்தவும் செய்கிறது. விளைவு, தன் காரணத்தையே திருத்துகிறது. இதைத்தான் இன்று நாம் பின்னூட்டம் என்கிறோம். ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினில் சுழல் குண்டு வேகங்காப்பானைப் பொருத்தியது 1788-இல். டிரெபெல் 1633-லேயே மறைந்துவிட்டார். ஆக, அவருடைய உலை வாட்டின் கருவிக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. பொன் கிடைக்கவில்லை. ஆனால் அதே முறையால் கோழி முட்டைகளைப் பொரிக்கவைக்கும் அடைகாப்புப் பெட்டி கிடைத்தது. டிரெபெல் இதைப் பற்றி நூல் ஏதும் எழுதி வெளியிடவில்லை. அவருடைய மருமகன்களான குஃப்லர் சகோதரர்கள் வழியாகத்தான் இக்கருவி பின்வந்தவர்களுக்குத் தெரியவந்தது.

ஈயமும் இரும்பும்

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தது திண்மப் பொருள்களின் விரிவு. எல்லா உலோகங்களும் ஒரே அளவில் விரிவதில்லை என்று நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள ஈயக்குழாயைப் 10 டிகிரி சூடாக்கினால் அது ஏறத்தாழ 0.29 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள இரும்புக் கம்பியோ 0.12 மில்லிமீட்டர்தான் நீளும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.17 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு அசைவை ஒரு நெம்புகோலால் பெருக்கினால், ஒரு கதவையே திறந்து மூடலாம்.

பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த போன்மான் என்பவர் இதைச் செய்தார். ஈயக்குழாய்க்குள் இரும்புக் கம்பியை வைத்து, சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளும் கொதிகலன் ஒன்றை அமைத்து, 1783-இல் அதற்கு உரிமம் பெற்றார். அவருக்கும் முதல் பயன் கோழிக்குஞ்சு பொரித்தல்தான்! இதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கடற்பயணத்துக்கான கடிகாரங்களைச் செய்த ஆங்கிலேயர் ஜான் ஹாரிசன், பித்தளையையும் எஃகையும் ஒன்றாகப் பிணைத்து ஈருலோகப் பட்டையை உருவாக்கியிருந்தார். தட்பவெப்பம் மாறினாலும் கடிகாரம் நேரம் தவறாமல் இருக்க அது உதவியது.

"தெர்மாஸ்டாட்" என்ற பெயரைச் சூட்டியவர் ஸ்காத்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர். கிளாஸ்கோ நகரில் தொழிலாளர்களுக்கு அறிவியல் சொற்பொழிவுகள் ஆற்றிவந்த பேராசிரியர் அவர். காய்ச்சி வடித்தல் முதலிய தொழில்களில் வெப்பநிலையைக் காக்கும் ஈருலோகக் கருவி ஒன்றுக்கு அவர் 1830-இல் காப்புரிமை பெற்றார். 'தெர்மோஸ்' என்றால் கிரேக்க மொழியில் சூடு. 'ஸ்டாடோஸ்' என்றால் நிலையாக நிற்பது.

அமெரிக்காவில் இக்கருவியை வளர்த்தவரும் ஓர் ஆசிரியரே. விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் பணியாற்றிய வாரன் ஜான்சன், வகுப்பறையின் சூட்டைப் பார்க்கப் பணியாளர் அடிக்கடி உள்ளே வந்து பாடத்தைக் குலைப்பதைக் கண்டு சலித்தார். அறை குளிர்ந்தால் அடித்தளத்தில் மணியடிக்கும் மின் கருவி ஒன்றை அமைத்து 1883-இல் காப்புரிமை பெற்றார். தேவை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கருவியும் பிறக்கிறது!

கொதித்த கார்கள்

இப்போது எஞ்சினுக்கு வருவோம். கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர் கொதித்து ஆவியாகப் போய்விடும். மீண்டும் ஊற்ற வேண்டும். 1888-இல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு இவ்வண்டியில் சென்ற புகழ்பெற்ற பயணத்தில், வழியெங்கும் நிறுத்தி நீர் நிரப்பிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

வில்ஹெல்ம் மேபாக் 1900-இல் தேன்கூட்டு ரேடியேட்டரை அமைத்தார். ஆயிரக்கணக்கான சிறு குழாய்களுக்கு இடையே நீர் ஓட, குழாய்களின் வழியே காற்றுச் செல்லும். காற்றைத் தொடும் பரப்புப் பன்மடங்கு பெருகியது. 35 குதிரைத்திறன் கொண்ட மெர்சிடீஸ் காருக்கு ஏறத்தாழ 9 லிட்டர் நீரே போதுமானதாயிற்று.

குளிரவைக்கும் சிக்கல் தீர்ந்தது. ஆனால் அளவுக்கு மீறிக் குளிரும் சிக்கல் தோன்றியது. எப்படி என்று பாருங்கள். ரேடியேட்டரை அமைக்கும் பொறியாளர், மிகக் கடுமையான நிலையைக் கருதித்தான் அதை அமைக்க வேண்டும்: கோடை வெயில், முழுச்சுமை, செங்குத்தான ஏற்றம். அந்த ஒரு நிலைக்குப் பொருத்தமான ரேடியேட்டர், மற்ற எல்லா நிலைகளுக்கும் மிகையாகிவிடுகிறது. குளிர்நாடுகளில் ஓட்டுநர்கள் ரேடியேட்டரின் மேல் கம்பளியைச் சுற்றினார்கள். சில கார்களில் சாளரக் கதவுபோல் திறந்து மூடும் தடுப்புகள் வந்தன.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்த ஃபோர்டின் 'டி' மாடலில் நீரேற்றும் பம்பு இல்லை (முதலில் வந்த சில ஆயிரம் வண்டிகள் விலக்கு). சூடான நீர் இலேசாகி மேலே செல்லும். குளிர்ந்த நீர் கீழே வரும். இந்த வெப்பச் சலனமே நீரைச் சுற்றவைத்தது. சூடு ஏறாதவரை நீர் ஓடாது என்பதால், அதில் ஒருவகை இயற்கைக் கட்டுப்பாடு இருந்தது எனலாம். ஆனால் எஞ்சின்களின் திறன் பெருகப் பெருக, பம்பு இன்றியமையாததாயிற்று. பம்புக்குச் சூடும் குளிரும் தெரியாது. எஞ்சின் சுழன்றால் அதுவும் சுழலும். ஆகவே, நீரின் வழியில் ஒரு காவல்காரன் தேவைப்பட்டான். 1914-இல் வெளிவந்த காடிலாக் நிறுவனத்தின் எட்டு சிலிண்டர் எஞ்சினில் தெர்மாஸ்டாட் இடம்பெற்றிருந்தது.

அக்காலக் காவல்காரன் ஒரு சிறு துருத்தி. டென்னஸி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் வானிலைத் துறையில் பணியாற்றிய வெஸ்டன் ஃபுல்டன், பற்றுவைப்பு இல்லாத உலோகத் துருத்தியைச் செய்யும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்தார். அத்துருத்திக்குள் எளிதில் ஆவியாகும் திரவம் சிறிதளவு இருக்கும். நீர் சூடானதும் திரவம் ஆவியாகித் துருத்தியை நீட்டும், வால்வு திறக்கும்.

இந்தத் துருத்தியில் ஒரு நல்ல குணம் உண்டு. குளிர்ந்த நிலையில் அதன் உள்ளே அழுத்தம் குறைவு. அதனால்தான் அது சுருங்கியிருக்கிறது. துருத்தியில் ஓட்டை விழுந்தால், உள்ளும் புறமும் அழுத்தம் ஒன்றாகி, அது தானே நீண்டு வால்வைத் திறந்துவிடும். கருவி பழுதானாலும் எஞ்சின் கொதிக்காது! ஆனால் ஒரு குறையும் இருந்தது. நீரின் கொதிநிலையை உயர்த்துவதற்காக, ரேடியேட்டருக்கு அழுத்த மூடி போடும் முறை பின்னர் வந்தது. வெளியே அழுத்தம் கூடினால் துருத்தி அமுங்கும். திறக்க வேண்டிய வெப்பநிலையில் திறக்காது.

மெழுகின் வருகை

இச்சிக்கலுக்கு விடை தந்தவர் செர்ஜியஸ் வெர்னே. 1930-களில் அமெரிக்காவில் அவர் மெழுகுத் தெர்மாஸ்டாட்டை உருவாக்கினார். 1938-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பித்தளையாலான ஒரு சிறு கிண்ணம். அதில் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்பட்ட மெழுகு. மெழுகு வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், செம்புத் தூளை அதில் கலந்தார்கள். மெழுகுக்கு நடுவே ரப்பர் உறையில் செருகிய ஒரு மெல்லிய எஃகுத் தண்டு. மேலே ஒரு சுருள்வில், வால்வை மூடியே வைத்திருக்கும்.

மெழுகு உருகும்போது அதன் பருமன் பத்து விழுக்காட்டுக்கும் மேல் பெருகும். நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கன சென்டிமீட்டர் மெழுகு பத்து விழுக்காடு விரிந்தால், கூடுதலாக 0.1 கன சென்டிமீட்டர் இடம் வேண்டும். தண்டின் குறுக்களவு 4 மில்லிமீட்டர் எனில், அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 0.125 சதுர சென்டிமீட்டர். 0.1-ஐ 0.125-ஆல் வகுத்தால் 0.8 சென்டிமீட்டர். ஒரு சுண்டைக்காயளவு மெழுகு, தண்டை 8 மில்லிமீட்டர் தள்ளிவிடுகிறது! தண்டின் மறுமுனை சட்டத்தில் பொருந்தியிருப்பதால், கிண்ணம் கீழே நகர்ந்து வால்வைத் திறக்கிறது.

உருகிய மெழுகை அமுக்கிச் சுருக்குவது மிகக் கடினம். ஆகவே ரேடியேட்டரின் அழுத்தம் அதை ஒன்றும் செய்ய முடியாது. மேலும், பலவகை மெழுகுகளைக் கலந்து, வேண்டிய வெப்பநிலையில் உருகும்படி செய்துகொள்ளலாம். கலவை என்பதால் அது ஒரேயடியாக உருகாமல், எடுத்துக்காட்டாக 82 டிகிரியில் தொடங்கி 95 டிகிரி வரை மெல்ல மெல்ல உருகும். வால்வும் மெல்ல மெல்லத் திறக்கும்.

ஆனால் எந்த நன்மைக்கும் ஒரு விலை உண்டு. மெழுகு கசிந்துவிட்டால், சுருள்வில் வால்வை மூடிவிடும். துருத்தி பழுதானால் வழி திறக்கும். மெழுகு பழுதானால் வழி அடைபடும். பட்டறைகளில் இக்கருவிக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு இதுவே முக்கிய காரணம் எனலாம்.

கழற்றி எறியலாமா?

இனி நம் கேள்விக்கு வருவோம். 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் ஐரோப்பியப் பனியிலும் ஒரே வண்டி ஓடியது. அதே ஜீப்பைத்தான் 1940-களின் இறுதியிலிருந்து மகிந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது.

அதன் எஞ்சின் 60 குதிரைத்திறன் கொண்டது. அதாவது ஏறத்தாழ 45 கிலோவாட். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேலையாகவும், மூன்றில் ஒரு பங்கு புகையோடும், மூன்றில் ஒரு பங்கு குளிர்விக்கும் நீரிலும் செல்லும் என்று கொள்ளலாம். எனவே முழுச்சுமையில் நீரும் 45 கிலோவாட் வெப்பத்தைப் பெறும். அதில் உள்ள நீர் ஏறத்தாழ 10 லிட்டர். ரேடியேட்டருக்கு நீர் செல்லாவிட்டால், ஒவ்வொரு விநாடியும் ஒரு டிகிரி ஏறும்! மூடிய நிலையில் பழுதான தெர்மாஸ்டாட் எவ்வளவு கேடு தரும் என்பது இதிலிருந்து விளங்கும். நடுவழியில் அதைக் கழற்றி எறிந்த மெக்கானிக் எஞ்சினைக் காப்பாற்றினார் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதற்குப் பிறகும் அது இல்லாமலே ஓட்டினால்? இறக்கத்திலும் சமவெளியிலும் எஞ்சினிலிருந்து வரும் வெப்பம் பல மடங்கு குறைவு. வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும், அந்தக் காற்று 85 டிகிரி நீரைவிட 45 டிகிரி குளிர்ந்ததுதான். நம்மைச் சுடும் வெயிலே எஞ்சினுக்குக் குளிர்காற்று! ஆகவே நீர் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும்.

அதனால் என்ன கேடு? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. சூடான எஞ்சினில் அது ஆவியாகப் புகையோடு வெளியேறிவிடும். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால், அதில் ஒரு பகுதி பனித்துளிபோல் படியும். புகையிலுள்ள அமிலப் பொருள்களும் அதில் கரையும். இந்த அமில நீர் சுவரை அரிக்கும். எண்ணெயோடு கலந்து சேறாகும். பிரிட்டனில் 1930-களில் சி. ஜி. வில்லியம்ஸ் நடத்திய ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. குளிர்ந்த எஞ்சின்களில் சிலிண்டர் தேய்வதற்கு உராய்வைவிட இந்த அரிப்பே பெரிய காரணம் என்று அவை கண்டன. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோலும் சரியாக ஆவியாகாது; எனவே எரிபொருள் செலவும் கூடும்.

இன்னொரு வியப்பும் உண்டு. பல எஞ்சின்களில், தெர்மாஸ்டாட் மூடியிருக்கும்போது நீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவர ஒரு கிளைவழி இருக்கும். சில வகைத் தெர்மாஸ்டாட்கள், ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே இந்தக் கிளைவழியை அடைத்துவிடும். அவற்றைக் கழற்றி எறிந்தால் கிளைவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான நீரில் பெரும்பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே திரும்பி வரும். குளிர வேண்டும் என்று கழற்றிய வண்டி, ஏற்றத்தில் முன்னைவிட விரைவில் கொதிக்கும்!

ஆகவே, பழுதான தெர்மாஸ்டாட்டைக் கழற்றுவது சரி. அந்த இடத்தை வெறுமையாக விடுவதுதான் தவறு.

வீட்டிலேயே மாற்றலாம்

பழைய ஜீப் வகை வண்டிகளில் இதை நீங்களே வீட்டில் மாற்றிக்கொள்ளலாம். முதலில் பழுதை அறியுங்கள். எவ்வளவு தூரம் ஓட்டினாலும் சூடுகாட்டும் முள் ஏறாவிட்டால், வால்வு திறந்தபடி நின்றுவிட்டது எனலாம். முள் உச்சிக்குப் போயும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் குழாய் குளிர்ந்தே இருந்தால், வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம்.

எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூடான நிலையில் திறந்தால், அழுத்தம் நீங்கியதும் நீர் சீறிக் கொதித்து முகத்திலும் கையிலும் அடிக்கும். இதில் விளையாட்டு வேண்டாம். பிறகு சிறிது நீரை வடித்துவிட்டு, மேல் ஹோஸ் எஞ்சினில் சேரும் இடத்திலுள்ள வளைந்த மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினால் தெர்மாஸ்டாட் தெரியும். அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மெழுகுக் கிண்ணம் எஞ்சின் பக்கம்தான் இருக்க வேண்டும். சூடான நீர் அதைத் தொட வேண்டுமல்லவா? தலைகீழாகப் போட்டால் அது சூட்டைக் காலம் தாழ்ந்தே உணரும்.

புதியதைப் பொருத்துமுன் ஓர் எளிய சோதனை செய்யுங்கள். மாணவர்கள் இதைக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம். ஒரு பாத்திரத்து நீரில் தெர்மாஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், அடியைத் தொடக்கூடாது. கூடவே ஒரு வெப்பநிலைமானி. நீரை மெல்லச் சூடாக்குங்கள். வால்வு திறக்கத் தொடங்கும் வெப்பநிலை, கருவியின் மேல் பொறித்துள்ள எண்ணை ஒட்டியிருக்க வேண்டும். நீரை ஆறவிட்டால் அது மீண்டும் மூட வேண்டும். பழையதையும் புதியதையும் அருகருகே தொங்கவிட்டுப் பார்த்தால், பழுது ஐயமின்றித் தெரிந்துவிடும்.

பின்னர், பழைய கேஸ்கெட்டின் துணுக்குகளைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதியதை வையுங்கள். தெர்மாஸ்டாட்டின் விளிம்பில் காற்று வெளியேறுவதற்கான சிறு துளை இருந்தால், அது மேல்பக்கம் இருக்கட்டும். போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். குளிர்விக்கும் நீரை நிரப்பி, மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினை ஓடவிட்டால், உள்ளே சிக்கிய காற்று குமிழிகளாக வெளியேறும். நீர்மட்டம் குறையக் குறைய ஊற்றி, பிறகு மூடுங்கள். இனி மேல் ஹோஸ் குழாயைக் கவனியுங்கள். சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடேறும். அந்தக் கணம்தான் மெழுகு உருகி வழிவிட்ட கணம்.

மெழுகின் வேலை எஞ்சினோடு முடிந்துவிடவில்லை. 1990-களிலிருந்து சில கார்களில் மெழுகுக்குள் சிறு மின்சூடேற்றி ஒன்றை வைத்து, எஞ்சினின் கணினி சொல்லும் நேரத்தில் வால்வைத் திறக்கவைக்கிறார்கள். பசுமைக்குடில்களின் கூரைச் சாளரத்தைத் திறப்பதிலும், குளியலறையில் வெந்நீரையும் தண்ணீரையும் அளவாகக் கலப்பதிலும் அதே மெழுகு உழைக்கிறது. உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலும் குளிர்பதனப் பெட்டியிலும் இருப்பது டிரெபெல் கண்ட அதே தத்துவம்தான்: சூட்டை அறியும் பொருளே சூட்டை ஆளட்டும் என்பது. அந்தக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர் அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு வரும்போது, தெர்மாஸ்டாட் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அதில் விரிவது திரவமா, உலோகமா, வாயுவா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.